தொட்டி மாற்றியபின் இலை மஞ்சளாதல்: கலைச்சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வீட்டுக்குள் எல்இடி விளக்கின் கீழ் தொட்டிச்செடி வளர்ப்போருக்காகத் தமிழில் ஒரு கையேடு தொகுத்து வருகிறோம். தக்காளி, மிளகாய், துளசி, மணி பிளாண்ட் என எல்லா வகைச் செடிக்கும் பொதுவானது. அதில் 'ட்ரான்ஸ்பிளாண்ட் ஷாக்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. 'நடவு அதிர்ச்சி' என்று எழுதி வைத்திருக்கிறோம். தொட்டி மாற்றிய இரண்டு வாரத்துக்குள் இலை தொங்குவது, மஞ்சளாவது, வளர்ச்சி நிற்பது எல்லாவற்றையும் இந்த ஒரே சொல்லுக்குள் அடக்கலாமா? மஞ்சளாதலுக்குத் தனிச்சொல் தேவையென்றால் பரிந்துரையுங்கள்.

---

> எல்லாவற்றையும் இந்த ஒரே சொல்லுக்குள் அடக்கலாமா?

வணக்கம் ஐயா. அடக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. மஞ்சளுக்கும் தொங்கலுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. 'அதிர்ச்சி' என்று படித்தவர் தானாகத் தெளியும் என்று காத்திருப்பார். இரும்புக் குறையில் வெளிறிய கொழுந்து காத்திருந்தால் தெளியாது.

செடியைப் பெயர்க்கும்போது வேர்த்தூவிகள் அறுபடுகின்றன. நீர் உறிஞ்சுவது குறைகிறது, இலையிலிருந்து ஆவியாவது மட்டும் குறைவதில்லை. அதனால் சில மணி நேரத்திலேயே இலை துவளும், ஆனால் பச்சையாகவே இருக்கும். விளக்கின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, மின்விசிறிக் காற்று நேராகப் படாமல் வைத்தால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் நிமிர்ந்துவிடும். இந்த நிலைக்கு 'நடவு வாட்டம்' என்பது போதும். 'வாடல்' வேண்டாம். பூஞ்சையாலும் பாக்டீரியாவாலும் வரும் நோய்களுக்கு 'வாடல் நோய்' என்ற பெயர் ஏற்கெனவே நிலைத்துவிட்டது.

மஞ்சளாதலுக்குப் பள்ளித் தாவரவியலில் பழகிய 'பச்சைய சோகை' இருக்கிறது. அதன் பின்பாதியை வைத்துக்கொண்டு, எந்த இலையில் தொடங்குகிறது என்பதை முன்னால் சேர்க்கலாம். ஏனென்றால் நோயறியும் முதல் கேள்வியே அதுதான். நைட்ரஜனும் மக்னீசியமும் செடிக்குள் இடம்பெயரக் கூடியவை. குறை வந்தால் செடி அவற்றை மூத்த இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பும், எனவே அடியிலை முதலில் மஞ்சளாகும். இரும்பு அப்படி நகராது. அது குறைந்தால் கொழுந்துதான் முதலில் வெளிறும்.

ஆகவே: 'அடியிலைச் சோகை', 'கொழுந்துச் சோகை'. நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் 'நரம்பிடைச் சோகை'. அடியிலையில் நரம்பிடைச் சோகை என்றால் மக்னீசியத்தைப் பார்க்க வேண்டும், கொழுந்தில் என்றால் இரும்பை. அடியிலை நரம்போடு சேர்ந்து ஒரே சீராக மஞ்சளானால் நைட்ரஜன். மட்காத மரத்தூள் கலந்த புதுக்கலவையில் இது அடிக்கடி வரும். கார்பன் மிகுந்த அந்தத் தூளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் வேருக்கு முந்தி நைட்ரஜனை எடுத்துக்கொள்கின்றன.

நாற்றின் வித்திலைகள் மஞ்சளாகி உதிர்வது இயல்பு. அதைச் சோகை என்று எழுதிவிடாதீர்கள்.

---

வணக்கம். முன்மடலின் பிரிப்பு மிகவும் நன்று. ஒரு தடை மட்டும்: கரும்பில் 'சோகை உரித்தல்' என்றால் காய்ந்த இலையை உரிப்பது. பயிர்த்தொழில் அறிந்தவர் 'அடியிலைச் சோகை' என்பதைக் காய்ந்த அடியிலை என்றே படிக்கக்கூடும். 'வெளிறல்' என்று வைத்தால் இந்தக் குழப்பம் இல்லை.

இன்னொன்று, மேலே விட்டுப்போன வகைதான் வீட்டுக்குள் மிகுதியாக வருவது. சிறு வேர்க்கட்டியைப் பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத கலவை நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். வேருக்குக் காற்று கிடைக்காது. அடியிலைகள் மஞ்சளாகி, கலவை ஈரமாக இருக்கும்போதே தொங்கும். பார்ப்பவர் வாட்டம் என்று எண்ணி மேலும் நீர் ஊற்றுவார், வேர் அழுகத் தொடங்கும். இதற்குத் தனிப்பெயர் கட்டாயம் வேண்டும். 'ஈரச் சோகை' அல்லது 'ஈர வெளிறல்'.

கையேட்டில் இதையும் சேருங்கள்: புதுத்தொட்டி பழையதைவிட 3 முதல் 5 செ.மீ. மட்டுமே அகலமாக இருக்கட்டும். நட்டவுடன் ஒருமுறை முழுதாக நனைத்து, அடியில் வடியவிட்டு, தொட்டியைத் தூக்கிப் பார்த்துக் கனத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த நீர், மேல் 3 செ.மீ. காய்ந்து தொட்டி தெளிவாக இலேசான பிறகுதான். கெட்ட வாடை வந்தால் செடியை எடுத்து, பழுப்பாகி வழவழத்த வேர்களைத் தூய கத்தரியால் வெட்டி, புதுக்கலவையில் சிறிய தொட்டிக்கு மாற்றுவது ஒன்றே வழி. அந்த நிலையில் உரம் கொடுப்பது கெடுதல். உறிஞ்ச முடியாத வேரைச் சுற்றி உப்புதான் சேரும்.

---

> 'வெளிறல்' என்று வைத்தால் இந்தக் குழப்பம் இல்லை.

'வெளிறல்' எனக்கும் பிடித்த சொல், ஆனால் அதை வேறொன்றுக்கு ஒதுக்கி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நிழலில் இருந்த செடியைத் தொட்டி மாற்றியதும் வலுவான எல்இடியின் கீழ் வைத்தால், விளக்குக்கு மிக அருகில் உள்ள இலைகள் மட்டும் வெளுக்கும். கீழே உள்ளவை நல்ல பச்சையாக இருக்கும். உரம் எதுவும் இதற்குப் பயன்படாது, விளக்கை உயர்த்த வேண்டும் அல்லது மங்கலாக்க வேண்டும். இதுவே 'ஒளி வெளிறல்'. கரும்புச் சோகை பற்றிய தடை நியாயமானது. ஆனால் அது தனிச்சொல்லாக நிற்கும்போது வருவது. கையேட்டின் தொடக்கத்தில் 'பச்சைய சோகை' என்று முழுதாக ஒருமுறை விளக்கிவிட்டால் பின்வரும் கூட்டுச்சொற்களில் மயக்கம் வராது.

கொழுந்துச் சோகையில் ஒரு எச்சரிக்கை. கலவையில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் போவதே பெரும்பாலான காரணம். கலவையின் அமில-கார அளவான pH 7-ஐத் தாண்டினால் இரும்பு கரையாத வடிவுக்கு மாறிவிடும். கடின நீரில் உள்ள பைகார்பனேட் கலவையின் pH-ஐ மெல்ல மெல்ல ஏற்றும். எனவே அளந்து பார்க்காமல் மருந்து கூடாது. வழக்கம்போல் நீர் ஊற்றி அரை மணி கழித்து, மேலே சிறிது காய்ச்சிவடித்த நீரை ஊற்றி, அடியில் வடியும் முதல் 50 மி.லி.யைப் பிடித்து அளக்க வேண்டும். மண்கலவைக்கு 6.0 முதல் 6.8, தென்னைநார்க் கழிவுக்கு 5.5 முதல் 6.2 நல்லது. இரும்புக் கொடுக்கிணைப்பு (கீலேட், இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் சேர்மம்) வாங்கும்போதும் வகையைப் பார்க்க வேண்டும். இடிடிஏ வகை pH 6.5-க்கு மேல் இரும்பைப் பிடித்து வைக்காது. காரக்கலவைக்கு இடிடிஹெச்ஏ வகைதான் தாங்கும்.

தென்னைநார்க் கழிவில் மக்னீசியக் குறை வருவதற்குத் தனிக் காரணம் உண்டு. அதன் துகள்களில் இயற்கையாகவே பொட்டாசியமும் சோடியமும் ஒட்டியிருக்கும். உரம் ஊற்றும்போது அவற்றை விட்டுவிட்டுக் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும், செடிக்கு எஞ்சுவது குறைவு. நடுவதற்கு முன்பே நன்றாக அலசி, லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, மறுபடி அலச வேண்டும். இந்த வேலைக்கு 'ஏற்றக் கழுவல்' என்ற சொல்லையும் முன்வைக்கிறேன். வெறும் 'கழுவல்' என்றால் உப்பை நீக்குவதோடு முடிந்தது என்று பொருள்படும். இங்கே கால்சியத்தை ஏற்றுவதுதான் நோக்கம்.

குறை வந்த பிறகு என்றால், லிட்டருக்கு 5 கிராம் எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) கரைத்து, விளக்கு அணையும் நேரத்தில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம். வாரம் ஒருமுறை, இரண்டு மூன்று முறை போதும். மென்மையான இலையுள்ள செடியில் முதலில் ஓர் இலையில் தெளித்து மறுநாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

அனைவருக்கும் நன்றி. நடவு வாட்டம், அடியிலைச் சோகை, கொழுந்துச் சோகை, நரம்பிடைச் சோகை, ஈரச் சோகை, ஒளி வெளிறல், ஏற்றக் கழுவல் ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறோம். 'நடவு அதிர்ச்சி'யை நீக்கிவிட்டோம். நலமடைதலுக்கு 'மீட்சி' என்று எழுதியிருக்கிறோம், சரிதானே?

---

'மீட்சி' வேண்டாம் ஐயா. மஞ்சளான இலை மறுபடி பச்சையாகும் என்று வாசகர் எதிர்பார்ப்பார். முற்றிய அடியிலை பெரும்பாலும் பழைய பச்சைக்குத் திரும்பாது. அது திரும்பவில்லையே என்று மேலும் மேலும் உரம் கொட்டி நுனி கருகிய செடிகள் ஏராளம். நடவுக்கு 'வேர் பிடித்தல்', 'பச்சை பிடித்தல்' என்று நல்ல சொற்கள் வழக்கில் இருக்கின்றன. செடி நிமிர்ந்து புதுத்தளிர் தள்ளினால் வேர் பிடித்தது. அந்தப் புதுத்தளிர் நரம்பும் இடையும் ஒரே நிறமாக விரிந்தால் பச்சை பிடித்தது. இரண்டையும் தனித்தனிப் பதிவாக அகராதியில் இடுங்கள். பச்சை பிடிக்கும்வரை பாதி உரம், பிடித்த பின்பே முழு அளவு என்று கையேட்டில் எழுதவும் அது உதவும்.