பழைய ஆங்கிள்பாய்ஸ் 1227: சுருள்வில்களை மாற்றலாமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். படிக்கட்டு போன்ற சதுர அடித்தளமும் மூன்று சுருள்வில்களும் கொண்ட பழைய ஆங்கிள்பாய்ஸ் 1227 மேசை விளக்கு ஒன்றைப் புதுப்பித்து வருகிறேன். நிறுத்திய இடத்தில் நிற்காமல் அதன் கை மெல்லச் சரிகிறது. கறுப்பு வண்ணமும் ஆங்காங்கே உரிந்துள்ளது. வில்களை மாற்றிப் புதிதாக வண்ணம் பூசுவது முறையா?

பதில் 1:
வில்களை மாற்ற அவசரப்பட வேண்டாம். இங்கிலாந்தின் பாத் நகரில் வாகனங்களுக்கான சஸ்பென்ஷன் (அதிர்வு தாங்கும்) அமைப்புகளை வடிவமைத்துவந்த பொறியாளர் ஜார்ஜ் கார்வர்டைன் 1932இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இந்த ஏற்பாட்டில், கையின் எடையை வில்களின் இழுவிசை ஏறத்தாழ எல்லாக் கோணங்களிலும் ஈடுசெய்வதால்தான், விரலால் நகர்த்திய இடத்திலேயே விளக்கு நிற்கிறது. ரெட்டிச் ஊரின் வில் தயாரிப்பாளரான ஹெர்பர்ட் டெரி நிறுவனம் முதலில் நான்கு வில்களுடன் இதை விற்றது. வீடுகளுக்கு ஏற்ற மூன்று வில் வடிவமான 1227, 1935இல் வந்தது. பல்பைச் சூழ்ந்திருக்கும் மூல மூடியின் எடைக்கேற்பவே வில்கள் கணக்கிடப்பட்டுள்ளன. ஆகவே கனமான மூடியோ பல்போ பின்னாளில் பொருத்தப்பட்டுள்ளதா என்று முதலில் பாருங்கள். மூட்டுத் திருகுகளையும் சோதியுங்கள்.

பதில் 2:
அதைவிட அவசரமானது மின்கம்பி. பழைய ரப்பர் உறை காலப்போக்கில் இறுகி விரிசல் விட்டுவிடும்; விளக்கின் உடல் உலோகம் என்பதால், எர்த் இணைப்புள்ள மூன்றிழைக் கம்பியைத் தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு பொருத்துங்கள். வண்ணத்தைச் சுரண்ட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மூலப் பூச்சு ஒருமுறை போனால் மீளாது. துருவை மட்டும் நீக்கி, மெழுகு தேய்த்தால் போதும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மூடி பின்னாளில் மாற்றப்பட்டதாகவே தெரிகிறது; மூல அளவிலான மூடியைத் தேடுகிறேன்.