'மறைவிடம்' வேண்டாம், வேறு சொல் தாருங்கள்

நாங்குநேரி டீச்சர், திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய சின்னக் கையேடு ஒன்று, ஒரே ஒரு சொல்லால் இரண்டு நாளாக நிற்கிறது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூந்தன்குளத்துக்குக் கூட்டிப்போய்ப் பறவைகளைப் படமெடுக்கச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம். லென்ஸ், ஷட்டர் எல்லாம் புழங்குகிற சொல்லை வைத்தே எழுதிவிட்டேன். காட்டுயிர்ப் படக்காரர்கள் 'ஹைட்' என்கிறார்களே, பறவைக்குத் தெரியாமல் உள்ளே உட்கார்ந்து லென்ஸை மட்டும் வெளியே நீட்டுகிற அந்தக் கூடாரம், அதற்குத்தான் சொல் அகப்படவில்லை.

'மறைவிடம்' என்று எழுதி வகுப்பில் வாசித்துப் பார்த்தேன். பின் பெஞ்சில் தொடங்கிய சிரிப்பு முன் பெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. உடம்பைப் பற்றிய பாடத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் ஆயிற்றே. 'பதுங்கு குழி' என்று எழுத மனம் வரவில்லை, குண்டுக்குப் பயந்து பிள்ளைகளோடு அதற்குள் கிடந்தவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள். ஒரு சொல் சொல்லுங்கள், பிள்ளைகள் வாயில் நிற்கிற மாதிரி.

அம்பாசமுத்திரம் தமிழய்யா, செவ்வாய் காலை

டீச்சரம்மாவுக்கு. சொல் ஏற்கெனவே இருக்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் வேட்டை வரும் இடத்தை எடுத்துப் பாருங்கள். மழை பொய்த்த காலம், மான் அடி பதிந்த வழி, தண்ணீர் தேடி விலங்கு வரும் இடத்தில் தோண்டிய குழி. அதற்குள் 'பயம்பின் அகத்து ஒளித்து ஒடுங்கி', வளைந்த கொம்புடைய காட்டுப்பன்றியின் வரவு பார்த்து நடுராத்திரி வரை உட்கார்ந்திருக்கிறான் வேட்டுவன். வில்லை வாங்கிக்கொண்டு கையில் கேமராவைக் கொடுத்தால் நீங்கள் கேட்ட பொருள் அதுதான். பயம்பு. நான்கே எழுத்து.

அப்புறம் இன்னொன்று. அந்த அடியில் 'ஒளித்து' வருகிறது பாருங்கள். தமிழில் வெளிச்சமும் ஒளி, மறைவதும் ஒளி. அகராதிகள் இரண்டையும் தனித்தனிச் சொல்லாக வைக்கின்றன, எனக்கு அதில் நாற்பது வருடமாக உடன்பாடில்லை. உச்சிவெயிலில் ஆற்றுமணலைப் பார்த்தால் கண் கூசி ஒன்றும் தெரியாது, அங்கே மறைப்பதே வெளிச்சம்தான். இருட்டில் ஒளிந்தவன் வெளிச்சத்தைப் பிடிக்கிறான் என்றால் அது ஒளிப்படம், அவன் இருக்கும் இடம் ஒளிப்பு. இந்தப் பொருத்தம் வேறு எந்த மொழியில் வாய்க்கும்? பயம்பு வேண்டாம் என்றால் 'ஒளிப்பு' என்றாவது வையுங்கள்.

பாளையங்கோட்டைப் படக்காரர், செவ்வாய் மதியம்

ஐயா, பயம்பு நல்ல சொல். ஆனால் யானை பிடிக்க வெட்டிய குழிக்கும் அதே பெயர்தான். அது போக நம் குளத்துக் கரையில் மார்கழி, தையில் ஒரு முழம் தோண்டினால் தண்ணீர் ஊறிவிடும், குழிக்குள் உட்கார்ந்து படமெடுக்க வழியில்லை.

ஹைட் என்றால் நடைமுறையில் என்ன என்று சொல்லிவிடுகிறேன், சொல் தேடுவதற்கு அது உதவும். போன தையில் தெரிந்தவர் வயல் ஓரத்தில், அவரிடம் கேட்டுக்கொண்டு, நான்கு சவுக்குக் கம்பு நட்டு மேலே பழைய பச்சை வலை போட்டு வைக்கோலைச் செருகினேன். உயரம் இடுப்பளவு. அதை ஒரு வாரம் சும்மா விட்டுவைத்தோம், பறவை அதைப் பார்த்துப் பழக வேண்டும். எட்டாம் நாள் விடியுமுன் நானும் தம்பியும் சேர்ந்தே உள்ளே போனோம், ஐந்து நிமிடம் கழித்து அவன் மட்டும் வெளியே வந்து வரப்பு வழியே சத்தம் போட்டுப் பேசிக்கொண்டே நடந்து போய்விட்டான். வந்த ஆள் போய்விட்டது என்று பறவைகள் அடங்கிவிடும். இது படக்காரர்களின் பழைய உத்தி.

வெளிச்சம் வந்தபோது பட்டைத்தலை வாத்து பதினொன்று மேய்ந்துகொண்டிருந்தன. இமயத்தைத் தாண்டி வருகிற பறவை. தரையோடு தரையாகக் கிடந்து பார்க்கும்போது பின்தலையில் உள்ள இரண்டு கறுப்புப் பட்டையும் தெளிவாகத் தெரிந்தன, அதைவிட, புல்லைப் பிய்க்கும் சத்தம் கேட்டது. சரக், சரக் என்று, ஆடு மேய்கிற மாதிரி. ஒன்று நிமிர்ந்து நேராக லென்ஸைப் பார்த்தது. நான் மூச்சை விடவில்லை. அது மறுபடி குனிந்து மேய்ந்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், ஒளிவது ஆளுக்காக மட்டும் இல்லை. கூட்டுக்குப் பக்கத்தில் போய்ப் பறவையை எழுப்பிப் பறக்கவிட்டுப் படமெடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், சொல்லியும் கேட்கவில்லை. வெயில் காலத்தில் மஞ்சள்மூக்கு நாரை சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் தருகிறது. தாய் எழுந்து போனால் குஞ்சு வெயிலில் வதங்கும், முட்டையாக இருந்தால் காக்கை கொண்டுபோகும். நாம் தேடுகிற சொல்லில் வேட்டை வாடை இருக்கக் கூடாது என்பேன். 'மறைப்பு' போதும்.

கடையம் அண்ணாச்சி, செவ்வாய் இரவு

பரண் இருக்கும்போது எதற்கு இவ்வளவு யோசனை? மலையடிவாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த சொல்.

திசையன்விளைக்காரர், செவ்வாய் இரவு

எங்கள் பக்கம் விடிலி என்று ஒன்று உண்டு. பனையேறிகள் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கும் ஓலைக்குடிசை. தாழ்வாக இருக்கும், குனிந்துதான் நுழைய வேண்டும், தூரத்தில் இருந்து பார்த்தால் பனங்காட்டோடு கலந்துவிடும். எங்கள் தாத்தா விடிலிக்குள் அடுப்பு எரியாத மாதத்தில் நான் படுத்துக்கிடந்து ஓலை இடுக்கு வழியாகக் கவுதாரி பார்த்திருக்கிறேன், குஞ்சுகளோடு கைக்கு எட்டும் தூரத்தில் போகும். பனை குறைந்து விடிலியும் குறைந்துவிட்டது. இந்தக் கையேட்டிலாவது அந்தச் சொல் பிழைத்துக்கொள்ளட்டும். சங்க நூலில் இருந்து எடுத்தால்தான் தமிழா?

அம்பாசமுத்திரம் தமிழய்யா, புதன் காலை

கடையம் அண்ணாச்சி, பரண் எதிர்ப்பொருள் தரும். குறிஞ்சிப்பாட்டில் தலைவி 'புலி அஞ்சு இதணம்' ஏறுகிறாள், எதற்கு? 'தழலும் தட்டையும் குளிரும்' கையில் வைத்துக் கிளியை ஓட்ட. இதணம், பரண், கழுது எல்லாம் உயரத்தில் நின்று சத்தம் போட்டுப் பறவையை விரட்டுகிற இடம். நமக்கு வேண்டியது பறவையை இருக்கவிடுகிற இடம்.

விடிலியைப் பற்றி எழுதியவருக்கு: நான் அந்தச் சொல்லைத் தாழ்வாக நினைக்கவில்லை. ஆனால் அதற்கு உடையவர்கள் இருக்கிறார்கள், வேலை இருக்கிறது, புகையும் பதநீர் வாசமும் இருக்கிறது. கருப்பட்டி காய்ச்சுகிற வீட்டுப் பிள்ளை அந்த வகுப்பில் இருந்தால் என்ன நினைக்கும்? உயிரோடு இருக்கிற சொல்லை வேறு பொருளுக்கு இழுப்பதைவிட உறங்குகிற சொல்லை எழுப்புவது நல்லது. அதனால்தான் பயம்பு.

சென்னையில் இருக்கும் தென்காசிக்காரர், புதன் மதியம்

நடுவில் ஒரு வேண்டுகோள். கையேட்டின் தலைப்பில் 'புகைப்படம்' என்று இருந்தால் மாற்றிவிடுங்கள். மெக்னீசியப் பொடியைக் கொளுத்திப் படமெடுத்த காலத்துப் பெயர் அது. தமிழய்யா சொல்கிற ஒளிப்படமே சரி. காட்டுயிர்ப் படக்கலையில் நமக்கு மரபே இல்லை என்று பேசுவதையும் விட வேண்டும். மா. கிருஷ்ணன் 1912இல் பிறந்தது திருநெல்வேலியில்தான். கறுப்பு வெள்ளையில், யானை முதுகில் உட்கார்ந்து காட்டு விலங்குகளைப் படமெடுத்தவர். அவருக்கு யானையே ஹைட். இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் மாட்டுத் தோலால் பொய் மாடு செய்து அதன் வயிற்றுக்குள் புகுந்து பறவைகளைப் படமெடுத்தார்கள். ஆங்கிலத்தில் ஹைட் என்றால் தோல் என்றும் பொருள் உண்டு. அந்த வழியில் போனால் நமக்குப் 'போர்வை' கிடைக்கும்.

பாளையங்கோட்டைப் படக்காரர், புதன் மாலை

போர்வை என்றால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் அண்ணே. ஊரில் இருக்கும் பறவைக்கு ஹைட்டே வேண்டாம் என்பதையும் டீச்சர் எழுத வேண்டும். கூந்தன்குளத்தில் தெருவோர மரத்திலேயே கூடு இருக்கிறது, கீழே ஆட்கள் நடமாடினாலும் கண்டுகொள்வதில்லை. 1994இல் சரணாலயமாக அறிவிப்பதற்கு எவ்வளவோ முன்பிருந்தே அந்த ஊர் மக்கள் காத்த பறவைகள் அவை. திருப்புடைமருதூரிலும் அப்படித்தான், கோயிலை ஒட்டிய மருத மரங்களில். 2005இல் அதை நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவித்தார்கள். அங்கே மறைந்து உட்கார்ந்தால் பறவையைவிட ஊர்க்காரர்தான் சந்தேகப்படுவார். மறைப்பு தேவைப்படுவது திறந்த வயல், குளத்தின் உள்வாய், வல்லநாட்டு வெளிமான் மாதிரி தூரத்திலேயே ஆளைக் கண்டு ஓடுகிற விலங்கு, இவற்றுக்குத்தான். சரணாலயத்துக்குள் எதையாவது கட்ட வேண்டும் என்றால் வனத்துறை அனுமதி வேண்டும், இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

நாங்குநேரி டீச்சர், வியாழன் இரவு

எல்லாருக்கும் நன்றி. இன்று வகுப்பில் எந்தச் சொல்லையும் சொல்லாமல் கரும்பலகையில் படம் மட்டும் வரைந்தேன். நான்கு கம்பு, வலை, உள்ளே ஒரு ஆள், வெளியே ஒரு நாரை. இதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன். முதல் பெஞ்சுப் பிள்ளை எழுந்து, 'மறப்பு டீச்சர், எங்க வீட்டுல குளிக்க ஓலையில கட்டிருக்கோம்லா, அது மாதிரி' என்றாள். யாரும் சிரிக்கவில்லை. 'பயம்பு' என்று எழுதிக் காட்டினேன், இரண்டு பேர் பயம் என்று படித்தார்கள். விடிலி மூன்று பேருக்குத் தெரிந்திருந்தது, அவர்களும் 'அது காய்ச்சுற எடம்லா' என்றார்கள்.

ஆகவே 'மறைப்பு' என்றே அச்சுக்குப் போகிறது. பயம்பு வரும் பாட்டைக் கட்டம் கட்டித் தனியாகப் போட்டிருக்கிறேன், விடிலியைப் பற்றி இரண்டு வரியும் உண்டு. இனிமேல் மாற்ற நேரமில்லை.

அம்பாசமுத்திரம் தமிழய்யா, வெள்ளி விடியற்காலை

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் பதிவுக்காகச் சொல்கிறேன். மறைப்பு தொழிற்பெயர். மறைக்கும் செயலுக்கு ஆகும், செயல் நடக்கும் இடத்துக்கு எப்படி ஆகும்?

பாளையங்கோட்டைப் படக்காரர், வெள்ளி காலை

வற்றலும் பொரியலும் தொழிற்பெயர்தானே ஐயா, இலையில் விழும்போது பொருளாகிவிடவில்லையா? தொழிலாகுபெயர் என்று நீங்கள்தான் எங்களுக்குப் பாடம் எடுத்தீர்கள்.

அம்பாசமுத்திரம் தமிழய்யா, வெள்ளி காலை

அது நியாயம். ஆனாலும் மறைப்பு மறைவதைத்தான் சொல்கிறது, காத்திருப்பதைச் சொல்லவில்லை. எயினன் ஒளிந்தான் என்பதோடு புலவர் நிறுத்தவில்லை, வரவு பார்த்திருந்தான் என்கிறார். அடுத்த பதிப்பு வந்தால் 'பார்த்திருப்பு' என்பதை ஒருமுறை பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். சரி, மறைப்பில் லென்ஸ் நீட்டுகிற ஓட்டைக்கு என்ன பெயர் போட்டீர்கள்? சிலப்பதிகாரத்தில் மாளிகைச் சன்னல் 'மான்கண் காலதர்'. மான்கண் என்று மட்டும் வைத்தாலே போதும்.

நாங்குநேரி டீச்சர், வெள்ளி மதியம்

ஓட்டை என்றுதான் இருந்தது ஐயா. அச்சகத்துக்கு இப்போதுதான் போன் பண்ணினேன், அந்தப் பக்கம் இன்னும் ஓடவில்லையாம். மான்கண் என்று மாற்றச் சொல்லிவிட்டேன்.