புது வெப்சைட் போட்டதுல இருந்து கூகுள்ல எங்க கடையே காணோம், உதவி பண்ணுங்க

தறிவீடு:
வணக்கங்க. எங்களுக்கு பவானி, அப்பா காலத்துல இருந்து ஜமக்காளம் நெய்யறோம், இப்ப ஆறு தறி ஓடுது. நாலு வருஷமா சின்னதா ஒரு வெப்சைட் இருக்கு, அதுல கூகுள்ல தேடி வர்றவங்க மாசம் பத்து பன்னெண்டு ஆர்டர் போட்டுட்டு இருந்தாங்க. ஆடில வேலை கம்மிதானேன்னு சைட்ட புதுசா பண்ணக் கொடுத்தோம், பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆவணி முகூர்த்தம் ஆரம்பிச்சும் அதுல ஒரு ஆர்டர் கூட வரல. கடை பேரையே அடிச்சாலும் ஃபேஸ்புக் பேஜ்தான் வருது. பண்ணிக் கொடுத்தவரு எஸ்இஓ, அதாவது கூகுள்ல மேல வர வைக்கற வேலை, தனி, மாசம் 15,000 கொடுத்தா முதல் பக்கம் கேரண்டிங்கறாரு. அப்பா, வாட்ஸாப்லதான் போடறோமே அது எதுக்குடாங்கறாரு. நெஜமாவே தேவைங்களா?

நெட்டுக்கடை அண்ணன்:
தம்பி, இப்போதைக்கு காசு கொடுத்துடாதீங்க. முதல் இடம் கேரண்டின்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னு கூகுளே எழுதி வெச்சிருக்கு. கூகுள்ல சைட்னு இங்கிலீஷ்ல அடிச்சு ஒரு கோலன், இடைவெளி விடாம உங்க சைட் அட்ரஸ், போட்டுப் பாத்து எத்தன பக்கம் வருதுன்னு சொல்லுங்க.

தறிவீடு:
ஒண்ணுமே வரலீங்ணா.

நெட்டுக்கடை அண்ணன்:
அப்ப இது ரேங்க் பிரச்சனையே இல்ல, உங்க சைட் கூகுளோட கணக்குலயே இல்ல. வேர்ட்பிரஸ்ங்கற சாஃப்ட்வேர்ல பண்ண சைட்னா செட்டிங்ஸ்ல ரீடிங் போங்க, கீழ சர்ச் இன்ஜின் வரவேண்டாம்னு ஒரு டிக் இருக்கும். சைட் கட்டும்போது அரைகுறையா வெளிய தெரியக்கூடாதுன்னு அத போடுவாங்க, முடிஞ்சதும் எடுக்க மறந்துடுவாங்க. அது இருந்தா ஒவ்வொரு பக்கத்துலயும் நோஇண்டெக்ஸ்னு, அதாவது இத கணக்குல சேக்காதேன்னு, ஒரு வரி போயிரும், கூகுள் அடுத்தவாட்டி வந்து படிச்சதும் பக்கத்த தூக்கிரும்.

தறிவீடு:
டிக் இருந்துச்சுங்ணா!! எடுத்துட்டேன். ரெண்டு மாசம் இதுக்குப் போச்சேன்னு வயிறு எரியுது.

மதுரை அக்கா:
தம்பி அதோட விட்றாதீங்க. பழைய சைட்ல இருந்த லிங்க் எல்லாம் இப்ப திறக்குதா? அட்ரஸ் மாறியிருந்தா பழசு ஒவ்வொண்ணையும் அதுக்கு நேரான புது பக்கத்துக்கு 301 ரீடைரக்ட், அதாவது பழைய அட்ரஸுக்கு வர்றவங்கள தானா புதுசுக்கு அனுப்பற ஏற்பாடு, போடணும், எல்லாத்தையும் முகப்புக்குத் தள்ளக்கூடாது. இல்லன்னா நாலு வருஷமா சேத்த பேரு வீணாப் போயிரும். அப்புறம் சர்ச் கன்சோல்ல, சைட் வெச்சிருக்கறவங்களுக்கு கூகுளே கொடுக்கற கருவி, அது இலவசம்தான், சைட்மேப்ங்கற பக்கங்களோட பட்டியல கொடுத்து முக்கியமான பக்கத்துக்கு மட்டும் இண்டெக்ஸ் பண்ண, அதாவது கூகுள் கணக்குல சேக்க, சொல்லி கேளுங்க. நாள் ஆகும், சில வாரம் கூட ஆகலாம்.

லிங்க் கொடுத்தீங்களே, பாத்தேன். அளவு, விலை, நூல் எல்லாம் போட்டோ மேலயே எழுதியிருக்கு, பக்கத்துல எழுத்தா ஒண்ணுமே இல்ல, டைட்டில் எல்லாத்துக்கும் ஹோம்னு இருக்கு. பவானி கைத்தறி ஜமக்காளம், இத்தன அடிக்கு இத்தன அடி, பந்தியில எத்தன பேரு உக்காரலாம்னு எழுத்துல போடுங்க. சனங்க தமிழ்லயும் தேடுவாங்க, இங்கிலீஷ் எழுத்துல தோணுன மாதிரியும் அடிப்பாங்க, ரெண்டும் பக்கத்துல இருக்கட்டும்.

அப்பாகிட்ட இத சொல்லுங்க. வாட்ஸாப்ல பாக்கறவங்க ஏற்கனவே உங்களத் தெரிஞ்சவங்க. கூகுள்ல பவானி ஜமக்காளம்னு அடிக்கறவன் பொண்ணு கல்யாணத்துக்கு வாங்கியே ஆகணும்னு வந்தவன், உங்க ஊரே தெரியாதவன். புவிசார் குறியீடு வாங்குன சரக்கு அது, அங்க நீங்க இல்லன்னா விசைத்தறியில ஓட்டுனத பவானி பேருல விக்கறவன்தான் அவன் கண்ணுல படுவான். எனக்கு அதுதான் மனசு கேக்கல.

தறிவீடு:
அக்கா, நீங்க எழுதுனத அப்பாக்கு அப்படியே படிச்சுக் காட்டுனேன். விசைத்தறின்னதும் எந்திரிச்சுப் போய் டேப் எடுத்துட்டு வந்து ஒவ்வொரு ஜமக்காளமா அளந்து சொல்ல ஆரம்பிச்சுட்டாரு, நான் உக்காந்து டைப் பண்ணிட்டு இருக்கேன். ரீடைரக்ட் 23 லிங்க் முடிஞ்சுது, இன்னும் ஒம்போது பாக்கி. முகப்பு பக்கம் நேத்து ராத்திரி இண்டெக்ஸ் ஆயிருச்சுங்க.