தீம் பார்க் பயணம்: நாலரை வயசுக்கும் பத்து மாதத்துக்கும் எந்த ஸ்ட்ரோலர்?

நிலா அம்மா எழுதியது:

வணக்கம். அடுத்த மாதம் நான்கு நாள் ஒரு பெரிய தீம் பார்க்குக்குக் குடும்பத்தோடு போகிறோம். பெரியவளுக்கு நாலரை வயது, சின்னவனுக்குப் பத்து மாதம். பெரியவள் ஸ்ட்ரோலரில் (பிள்ளையை உட்காரவைத்துத் தள்ளிப்போகும் வண்டி) உட்கார்ந்தே ஒன்றரை வருடம் ஆகிறது, உட்காரச் சொன்னால் "நான் என்ன பாப்பாவா?" என்று கேட்பாள். அதனால் சின்னவனுக்கு மட்டும் ஒற்றை ஸ்ட்ரோலர் போதும் என்பது என் எண்ணம். கணவர் இரட்டை ஸ்ட்ரோலர் இல்லாமல் முடியாது என்கிறார். மாமியாரும் வருகிறார், அவர் வண்டியே எதற்கு, ஆளுக்கு ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டால் போயிற்று என்கிறார்.

போன வருடம் இதைவிடச் சின்ன பார்க் ஒன்றுக்கு ஒரே ஒரு நாள் போனோம். மதியம் இரண்டு மணிவரை மான்குட்டி மாதிரி ஓடினவள், அப்புறம் நடைபாதை நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசல்வரை நடந்த அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் இடுப்பு வலிக்கிறது. அப்போது நான் ஏழு மாத கர்ப்பம் வேறு.

வீட்டிலிருந்து வண்டி கொண்டுபோவதா, அங்கேயே வாடகைக்கு எடுப்பதா? ரைடுக்குப் போகும்போது வண்டியை எங்கே விடுவது, திருட்டுப் போகாதா? சின்னவன் மதியம் ஒரு மணிக்குத் தூங்கியே ஆக வேண்டும், அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

நாடோடி அப்பா எழுதியது:

உங்கள் கணவர் சொல்வதுதான் சரி, இரட்டை எடுங்கள். வீட்டில் நடக்கிற நடை வேறு, தீம் பார்க் நடை வேறு. காலையில் திறக்கும்போது உள்ளே போய் இரவு வாணவேடிக்கை முடிந்து வெளியே வருகிற நாளில் பெரியவர்களுக்கே கால் கழன்றுவிடும். என் பெரியவனும் ஐந்து வயதில் உங்கள் மகள் மாதிரிதான், முதல் நாள் காலை வண்டியைத் தொடக்கூட மாட்டேன் என்றான். மூன்று மணிக்கு அவனாகவே ஏறி உட்கார்ந்து, தம்பியின் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினான். அன்றிலிருந்து அது அவன் வண்டி.

ஆனால் வாங்குவதற்கு முன்னால் அந்தப் பார்க்கின் விதியைப் படித்துவிடுங்கள். அமெரிக்காவில் டிஸ்னி பார்க்குகளில் 2019 மே 1 முதல் ஸ்ட்ரோலர் 79 சென்டிமீட்டர் அகலத்துக்கும் 132 சென்டிமீட்டர் நீளத்துக்கும் மேல் இருக்கக் கூடாது. குழந்தைகளை உட்காரவைத்து இழுத்துப்போகிற வேகன் வண்டிகளுக்கு அனுமதியே கிடையாது, அதைத் தள்ளிக்கொண்டு போனாலும் சரி, இழுத்துக்கொண்டு போனாலும் சரி. நீங்கள் போகிற இடம் வேறாக இருந்தாலும் இப்படி ஏதாவது ஒரு அளவு இருக்கலாம். பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிற இரட்டை வண்டிகள் அகலத்தில்தான் மாட்டும். விளம்பரத்தில் போட்டிருக்கிற அளவை நம்பாமல் டேப் எடுத்து நீங்களே அளந்து பாருங்கள், பின் சக்கரங்களின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புவரை. பெரும்பாலும் அங்கேதான் வண்டி மிக அகலமாக இருக்கும்.

ஒருவர் பின்னால் ஒருவர் உட்காருகிற வண்டி கூட்டத்தில் நுழைய வசதி. ஆனால் நீளம் அதிகம், திருப்பங்களில் கை வலிக்கும், பின்னால் இருக்கிற பிள்ளைக்கு முன்சீட்டின் முதுகுதான் தெரியும். எங்கள் வீட்டில் அதனாலேயே சண்டை வந்தது. பக்கவாட்டு வண்டிதான் என் தேர்வு.

வானம்பாடி எழுதியது:

வண்டியை எங்கே விடுவது என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் புதிதாகப் போகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். பெரும்பாலான ரைடுகளின் வரிசைக்குள் ஸ்ட்ரோலரை விடமாட்டார்கள். ஒவ்வொரு ரைடுக்கும் பக்கத்தில் ஸ்ட்ரோலர் நிறுத்துமிடம் இருக்கும், அங்கே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதாவது ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு தடவை பிள்ளையை இறக்கி, பையை எடுத்து, வண்டியை நிறுத்தி, திரும்பி வந்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். இதை மனதில் வைத்துத்தான் எதையும் வண்டியில் வைக்க வேண்டும். பணம், பாஸ்போர்ட், கைப்பேசி, மருந்து எல்லாம் உடம்போடு ஒட்டிய சின்னப் பையில் இருக்கட்டும். வண்டியில் டயப்பர், மாற்றுத்துணி, தண்ணீர் மட்டும். எங்களுக்கு நான்கு பயணங்களில் ஒன்றுகூடத் திருட்டுப் போகவில்லை.

திருட்டைவிட அதிகம் நடப்பது வண்டி இடம் மாறுவது. நடைபாதையை ஒழுங்காக வைக்க ஊழியர்கள் வண்டிகளை நகர்த்தி அடுக்கிக்கொண்டே இருப்பார்கள். முதல் பயணத்தில் ஒரு ரைடு முடிந்து வெளியே வந்தால், நாங்கள் விட்ட இடத்தில் வேறு யாருடைய வண்டியோ நிற்கிறது. சுற்றிலும் ஐம்பது அறுபது வண்டிகள், முக்கால்வாசி கறுப்பு, அதிலும் எங்கள் மாடலே நாலைந்து. கையில் அழுகிற குழந்தையோடு வரிசை வரிசையாகக் குனிந்து அடிக்கூடையில் இருக்கிற பையைப் பார்த்துக்கொண்டே போனேன். மூன்றாவது வரிசைக் கடைசியில் இருந்தது. மறுநாள் காலையில் கைப்பிடியில் ஒரு மஞ்சள் துப்பட்டாவைச் சுற்றி இறுக்கி முடிந்துவிட்டேன். அதற்கப்புறம் என் மூன்று வயது மகள்தான் தூரத்திலிருந்தே "அதோ மஞ்சள்!" என்று கண்டுபிடிப்பாள்.

பூட்டுப் போட நினைக்காதீர்கள். ஊழியர்கள் நகர்த்த முடியாமல் போனால் அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். மழை உறையை எப்போதும் அடிக்கூடையில் வையுங்கள், வானம் கொஞ்சம் கறுத்தாலும் போர்த்திவிட்டுப் போங்கள். நனைந்த சீட் சீக்கிரத்தில் காயாது, பிள்ளையை அதில் உட்காரவைக்கவும் முடியாது.

இன்னொன்று, கைப்பிடியில் கனமான பையை மாட்டாதீர்கள். பிள்ளை உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. பிள்ளையைத் தூக்கிய மறுநொடி வண்டி பின்பக்கமாகச் சாயும். எங்களுக்கு அப்படிச் சாய்ந்து பால் பாட்டில் உடைந்தது. அந்த நேரம் பெரிய குழந்தை பக்கத்துச் சீட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கனமானது எதுவானாலும் அடிக்கூடையில்தான்.

தேன்சிட்டு எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். இரட்டை வண்டி எல்லாருக்கும் தேவையில்லை. ஒற்றை வண்டியும் துணி கேரியரும் சேர்ந்தால் எங்களுக்கு இரட்டையைவிட நன்றாக இருந்தது. வானம்பாடி சொன்னதுபோல வரிசைக்குள் வண்டி வராது. அப்போது பத்து மாதக் குழந்தையை யாராவது முக்கால் மணி நேரம் கையில் வைத்திருக்க வேண்டும். கேரியரில் மார்போடு கட்டிக்கொண்டால் கை இரண்டும் சும்மா இருக்கும், பெரியவள் கையையும் பிடித்துக்கொள்ளலாம். மாமியார் சொல்வதில் பாதி சரிதான், தூக்கத்தான் வேண்டும், ஆனால் நாள் முழுக்கக் கையிலேயே தூக்குவது வேண்டாம். சின்னவன் கேரியரில் இருக்கிற நேரம் பெரியவள் வண்டியில் உட்காரலாம். இருவரும் ஒரே நேரத்தில் தூங்கினால்தான் திண்டாட்டம், எங்களுக்கு நாளுக்கு ஒரு தடவை அப்படி ஆனது.

வாடகை பற்றிக் கேட்டீர்கள். பார்க்குக்குள் தருகிற வண்டிகள் நான் பார்த்தவரை கெட்டியான பிளாஸ்டிக் சீட், சாய்க்க முடியாது. நாலரை வயதுக்காரிக்குப் பரவாயில்லை, பத்து மாதக் குழந்தை அதில் தூங்காது. அதோடு வாசலிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். களைத்துப்போய் வெளியே வந்தபின் பேருந்துவரைக்கும் கார்வரைக்கும் நடப்பதுதான் அன்றைய நடையிலேயே கடினமானது, அப்போது வண்டி இருக்காது. அதனால் சின்னவனுக்கு முழுதாகச் சாயும் சொந்த வண்டி கட்டாயம். பெரியவளுக்கு மட்டும் தேவைப்பட்டால் உள்ளே வாடகைக்கு எடுங்கள்.

தூக்கம்: வண்டியில் தூங்குகிற பிள்ளையோடு ரைடுக்குள் போக முடியாது, எழுப்பித்தான் இறக்க வேண்டும். அதனால் ஒரு மணிக்குச் சின்னவனையும் ஏற்ற வேண்டிய எந்த ரைடும் வைக்காதீர்கள். அந்த நேரத்தை உயரக் கட்டுப்பாடு உள்ள ரைடுகளுக்கு ஒதுக்குங்கள். பல பெரிய பார்க்குகளில் ஒரு பெரியவர் குழந்தையோடு வெளியே இருக்க, மற்றவர் ரைடுக்குப் போய் வந்ததும், இவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் போகலாம் என்று ஏற்பாடு உண்டு. டிஸ்னியில் அதை ரைடர் ஸ்விட்ச் என்பார்கள். வரிசையில் நுழையும் முன்பே ஊழியரிடம் கேட்க வேண்டும், பாதியில் கேட்டால் பலன் இல்லை. வீட்டிலேயே பெரியவளின் உயரத்தை ஷூவோடு அளந்துகொண்டு போங்கள். வாசலில் அளவுகோலின் கீழே நின்று ஏமாந்து அழும் பிள்ளையைத் தேற்றுவது ரொம்பக் கஷ்டம்.

செவிலி எழுதியது:

குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறேன், ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். வெயிலுக்காக வண்டியின் மேல் துணியைத் தொங்கவிட்டு மூடாதீர்கள். மெல்லிய துணிதானே என்று தோன்றும், ஆனால் உள்ளே காற்று நின்று வெப்பம் ஏறும், மூடியிருப்பதால் குழந்தை முகம் சிவப்பதும் நமக்குத் தெரியாது. சிட்னி பல்கலைக்கழகத்தார் 2023 இல் வெளியிட்ட ஆய்விலும் உலர்ந்த துணி உள்வெப்பத்தைக் கூட்டியது, ஈரத்துணியும் சின்ன விசிறியும் சேர்ந்தபோது குறைந்தது. துணி காய்வதற்குள் மறுபடி நனைக்க வேண்டும். வண்டிக்கே உரிய கூரையை இழுத்துவிட்டு, நிழலாகப் பார்த்து நடந்தாலே பெரும்பகுதி சரியாகிவிடும். பின்கழுத்தில் விரல் வைத்துப் பாருங்கள், சூடாக வியர்த்திருந்தால் உடனே குளிர்ந்த அறைக்குள் கொண்டுபோங்கள். பெரிய பார்க்குகள் பலவற்றில் பாலூட்டவும் டயப்பர் மாற்றவும் தனி அறை உண்டு, வரைபடத்தில் முதலிலேயே குறித்துவையுங்கள்.

இடுப்பும் தோளும் சேர்ந்த ஐந்து முனை பெல்ட்டைத் தூங்கும்போதும் அவிழ்க்காதீர்கள். சறுக்கி இறங்கிய குழந்தையை அவசரத்தில் கவனிக்காமல் விட்ட கதைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

நிலா அம்மா எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு மூன்று பேரும் உட்கார்ந்து படித்தோம். தேன்சிட்டு சொன்ன வழிதான் எங்களுக்குப் பொருந்தும் என்று முடிவு: சாய்கிற ஒற்றை வண்டி, ஒரு கேரியர், பெரியவளுக்குத் தேவைப்பட்டால் உள்ளே வாடகை. கணவருக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை, முதல் நாள் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றிருக்கிறார். மாமியார் இன்று காலையே கைப்பிடியில் கட்ட ஒரு சிவப்புத் துணியை எடுத்து வைத்துவிட்டார். கடைசியாக ஒரு சந்தேகம்: விமானத்தில் வண்டியை எப்போது கொடுக்க வேண்டும்?

நாடோடி அப்பா எழுதியது:

பெரும்பாலான விமான நிறுவனங்களில் விமானத்தின் கதவுவரை தள்ளிக்கொண்டு போய் அங்கே மடித்துக் கொடுக்கலாம், ஆனால் உங்கள் நிறுவனத்திடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். செக்-இன் கவுன்டரிலேயே அதற்கான சீட்டை வாங்கிக் கட்டிவிடுங்கள். இறங்கும்போது கதவருகிலேயே கிடைக்குமா, பெட்டிகளோடு பெல்ட்டில் வருமா என்பதையும் அங்கேயே கேளுங்கள், இடத்துக்கு இடம் மாறும். பெல்ட்டில் வருமென்றால் சின்னவன் கேரியரில்தான் வெளியே வர வேண்டியிருக்கும், அதனால் கேரியரைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். கழற்றக்கூடிய கோப்பைத் தாங்கி, விசிறி எல்லாவற்றையும் எடுத்துக் கைப்பையில் வையுங்கள். விசிறிக்கு உதிரி லித்தியம் பேட்டரி இருந்தால் அது எப்படியும் கைப்பையில்தான் போக வேண்டும். கொடுப்பதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். எங்களுக்கு ஒருமுறை சக்கரம் வளைந்து வந்தது, படம் இருந்ததால் பேச்சு சுருக்கமாக முடிந்தது.