ஏற்காடு மலையில் கார் ஹீட்டர் குளிர்காற்று மட்டும் அடிக்கிறது, எங்கே பார்ப்பது?

அஸ்தம்பட்டிவாசி:
எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2012 மாடல் டீசல் கார். சேலத்து வெயிலில் ஹீட்டரைத் தொட்டதே இல்லை. இப்போது அம்மா ஏற்காட்டில் அக்கா வீட்டில் இருக்கிறார். மார்கழிப் பனி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மூச்சு இழுக்கிறது. டாக்டரிடம் காட்ட விடியற்காலையில் கீழே கூட்டி வருகிறேன். ஹீட்டர் திருகைச் சிவப்புக் கோடு முடியும் வரை திருப்பினாலும் குளிர்காற்றுதான் வருகிறது. போர்வையைச் சுற்றிக்கொண்டு அவர் நடுங்குவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. கண்ணாடியில் உள்பக்கம் ஆவி வேறு படிந்துவிடுகிறது.

ஒன்றைக் கவனித்தேன். மலை ஏறும்போது பதினைந்தாவது வளைவு வாக்கில் லேசாக வெதுவெதுப்பு வரும். மேலே ஏரிப் பக்கம் மெதுவாக ஓட்டினால் அதுவும் போய்விடும். இறங்கும்போது சுத்தமாக ஒன்றுமில்லை.

ஐந்துரோடு:
கேஸ் குறைந்திருக்கும். ஏசி கடையில் ஏற்றிப் பாருங்கள்.

கொண்டலாம்பட்டி பட்டறை:
இல்லை தம்பி, கேஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, காசை வீணாக்காதீர்கள். கேஸ் ஏசிக்கு. உங்கள் மாதிரி வண்டியில் ஹீட்டருக்குச் சூடு இன்ஜினைக் குளிர்விக்க அதைச் சுற்றி வரும் கூலண்ட் தண்ணீரிலிருந்து வருகிறது. டேஷ்போர்டுக்குள் சின்ன ரேடியேட்டர் மாதிரி ஹீட்டர் கோர் இருக்கும். அதில் சுடுதண்ணீர் ஓடினால்தான் காற்று சுடும்.

முதலில் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு கூலண்ட் மட்டம் பாருங்கள். சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும். மட்டம் சரியாக இருந்தால் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு பானட்டைத் திறங்கள். இன்ஜினுக்குப் பின்னால் கேபினுக்குள் போகும் இரண்டு ரப்பர் ஹோஸ் இருக்கும். துணியைச் சுற்றிக்கொண்டு, ஃபேனில் கை படாமல் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சுட்டால் கோளாறு உள்ளே, திருகு இழுக்கும் கேபிளிலோ காற்றைத் திருப்பும் தட்டிலோ. ஒன்று சுட்டு மற்றொன்று குளிர்ந்திருந்தால் கோரில் அடைப்பு அல்லது ஏர் லாக், அதாவது உள்ளே காற்று சிக்கித் தண்ணீரை மறிக்கிறது. போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் உப்பு படிந்து இப்படி ஆவதை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டுமே சுடவில்லை என்றால் தண்ணீரே சூடாகவில்லை. டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது?

அஸ்தம்பட்டிவாசி:
அண்ணா, நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். மட்டம் சரியாக இருக்கிறது. இரண்டு ஹோஸுமே ஒரே மாதிரி, குழந்தைக்கு ஊற்றும் குளியல் தண்ணீர் பதத்தில்தான் இருக்கின்றன. முள் கால்வாசியைத் தாண்டவில்லை. மலை ஏறும்போது மட்டும் பாதிக்குக் கொஞ்சம் கீழே வரை வரும். திருகைத் திருப்பினால் டேஷுக்குள் தட்டு அசையும் சத்தம் நன்றாகக் கேட்கிறது.

கொண்டலாம்பட்டி பட்டறை:
அப்படியானால் தெர்மோஸ்டாட்தான். தண்ணீர் சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைக்கும் வால்வு அது. திறந்தபடியே சிக்கியிருக்கும், அல்லது இல்லவே இல்லாமல் இருக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். தெர்மோஸ்டாட் சரியாக இருந்தால் சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, அப்புறம் சட்டென்று சுடும். ஸ்டார்ட் பண்ணிய கொஞ்ச நேரத்திலேயே இன்ஜினோடு சேர்ந்து மெல்ல மெல்ல வெதுவெதுத்தால் வழி திறந்தே கிடக்கிறது. ஏற்றத்தில் இரண்டாவது கியரில் இன்ஜின் முக்கும்போது கொஞ்சம் சூடு சேர்கிறது. இறக்கத்தில் வேலையே இல்லை, எல்லாச் சூட்டையும் ரேடியேட்டர் தின்றுவிடுகிறது. நீங்கள் சொன்னதெல்லாம் இதில் அப்படியே பொருந்துகிறது.

நாகலூர் காப்பித்தோட்டம்:
வேலை முடியும் வரை கண்ணாடிக்கு ஒரு வழி. ஏசியைப் போட்டு, வெளிக்காற்று வரும்படி வைத்து, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். ஏசி ஈரத்தை உறிஞ்சும், உள் ஆவி ஓடிவிடும். ஹீட்டர் இல்லாததால் கண்ணாடி குளிர்ந்து வெளிப்பக்கம் பனி படியும், அதற்கு வைப்பர். அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வையுங்கள். இங்கே கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், விடியற்காலைக் குளிர் சாதாரணமில்லை.

அஸ்தம்பட்டிவாசி:
கழற்றிப் பார்த்தாயிற்று. உள்ளே ஒன்றுமே இல்லை! போன சித்திரையில் சூடு ஏறுகிறது என்று ஒரு பட்டறையில் விட்டேன். அங்கே எடுத்துப் போட்டிருக்கிறார்கள், சொல்லவும் இல்லை. அதன்பிறகு மைலேஜும் குறைந்தது, காரணம் தெரியாமல் இருந்தேன். கோடையில் இது இல்லாமல் ஓட்டுவதுதான் நல்லது என்கிறார்களே?

கொண்டலாம்பட்டி பட்டறை:
நம் ஊரில் பரவலாக இருக்கும் தப்பான பழக்கம் அது. சூடு ஏறினால் ஃபேன், ரேடியேட்டர், தண்ணீர் பம்ப், மூடி இவற்றைப் பார்க்க வேண்டும். இன்ஜின் குளிர்ந்தே ஓடினால் டீசல் சரியாக எரியாது, தேய்மானமும் கூடும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டை எடுத்தால் பைபாஸ் வழி மூடாது. கொஞ்சம் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். அந்த வண்டிகள் மலையில் இன்னும் அதிகமாகச் சுடும்.

உங்கள் மாடலுக்கு உரியதையே வாங்குங்கள். திறக்கும் சூடு அதன்மேல் பொறித்திருக்கும், 82, 88 என்று. மாட்டுவதற்கு முன் பாத்திரத்துத் தண்ணீரில், அடியில் படாமல் கம்பியில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். கொதி வரும் முன்பே தட்டு மெதுவாக விலகி வாய் திறப்பது கண்ணுக்குத் தெரியும். ஸ்பிரிங் பக்கம் இன்ஜினைப் பார்க்க வேண்டும். ரப்பர் வளையம் புதிது போடுங்கள். கூலண்டைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள், போர் தண்ணீர் வேண்டாம்.

ஊற்றும்போது முன்பக்கம் மேடாக நிறுத்துங்கள். ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு ஐடிலில் விடுங்கள். குமிழி வந்துகொண்டே இருக்கும், மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழி நின்று மேல் ஹோஸ் சுட ஆரம்பித்ததும் மூடிவிடலாம், பொங்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

அஸ்தம்பட்டிவாசி:
மாட்டிவிட்டேன் அண்ணா. இன்று விடியற்காலை மேலிருந்து கிளம்பும்போது பத்து நிமிடம் ஓடவிட்டேன், முள் பாதிக்கு வந்து நின்றது. இருபது வளைவும் இறங்கி அடிவாரம் வரும் வரை சூடு விட்டுப்போகவே இல்லை. ஏழெட்டு வளைவு தாண்டியதுமே அம்மா போர்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். உங்களுக்கு ரொம்ப நன்றி.

கொண்டலாம்பட்டி பட்டறை:
சந்தோஷம் தம்பி. ஒரு வாரத்துக்குத் தினமும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் மட்டம் பாருங்கள், மிச்சக் காற்று வெளியேறினால் கொஞ்சம் இறங்கும். அதற்குமேலும் இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது, உடனே எழுதுங்கள். போன கோடையில் ஏன் சூடு ஏறியது என்பதும் இன்னும் பாக்கி இருக்கிறது. சித்திரைக்கு முன்னால் ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.