அடுக்குமாடி வீட்டில் ஆறடிப் பவளத் தொட்டி: எதிலிருந்து தொடங்குவது?

கேட்பவர்: கடலோரன்

வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாக நன்னீர் மீன்தொட்டி வைத்திருக்கிறேன். இப்போது நான்கடித் தொட்டி ஒன்றில் செடிகளும் டெட்ரா மீன்களும் நன்றாகவே இருக்கின்றன. திருவான்மியூரில் இரண்டாம் தளத்தில் சொந்த வீடு. கூடத்தையும் சாப்பாட்டு அறையையும் பிரிக்கும் தடுப்பைப் போல, நடுவில், ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஓர் உப்புநீர்ப் பவளத் தொட்டி அமைக்க விரும்புகிறேன். இரண்டு பக்கமிருந்தும் பார்க்கலாம் என்பதால்தான் அந்த இடம்.

கடைக்காரர் ஒருவர் தொட்டி, விளக்கு, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் எல்லாவற்றுக்கும் சேர்த்து விலைப்பட்டியல் கொடுத்திருக்கிறார். அதில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லை. மின்விசிறி போதும் என்கிறார். கடற்கரை நடந்து போகும் தூரத்தில் இருப்பதால் கடல்நீரையே கொண்டுவந்து நிரப்பலாமா, அல்லது உப்பு வாங்கிக் கலக்க வேண்டுமா என்பதும் தெரியவில்லை. என் மகளுக்குக் கோமாளி மீனும் கடல்சாமந்தியும் வேண்டும், எனக்குப் பவளங்கள். பணம் கட்டுவதற்கு முன் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில் 1: பழைய உப்புக்காரர்

நண்பரே, விலைப்பட்டியலில் சில்லர் இல்லை என்ற இடத்திலேயே உங்களை நிறுத்த வேண்டியிருக்கிறது. சென்னையில் பவளத் தொட்டி வைப்பவர் முதலில் வாங்க வேண்டியது சில்லரும் மின்சாரம் போனால் தாக்குப்பிடிக்கும் ஏற்பாடும்தான். கண்ணாடித் தொட்டியைக் கடைசியில் வாங்கினாலும் பாதகமில்லை.

பவளத்துக்கு 25 முதல் 27 டிகிரி வரை இதமான வெப்பம். மே மாதத்தில் ஏ.சி. போடாத நம் வீட்டுக் கூடம் 33, 34 டிகிரியைச் சாதாரணமாகத் தொடுகிறது. அதன்மேல் பம்புகளும் விளக்குகளும் தங்கள் பங்குக்கு நீரைச் சூடாக்குகின்றன. பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து அதற்கு உணவு தயாரித்துக் கொடுக்கும் நுண்பாசிகள் நீர் சூடானால் வெளியேறிவிடுவதால் பவளம் வெள்ளையாகிப் பட்டினி கிடக்கிறது. மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் நடந்தது இதுதான். அத்தனை பெரிய கடலே தாங்காத சூட்டை 700 லிட்டர் தொட்டி தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மின்விசிறி நீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும் கடற்கரைப் பகுதியில் அதன் வேலை பாதியாகிவிடும். கோயம்புத்தூர்க்காரருக்கு அது ஓரளவு பயன்படலாம், திருவான்மியூரில் நம்பாதீர்கள். சில்லரையும் கூடத்திலேயே வைத்தால், அது நீரிலிருந்து எடுத்த சூட்டைக் கூடத்திலேயே கக்கும். குழாயை நீட்டி பால்கனியிலோ பயன்பாட்டு முற்றத்திலோ வையுங்கள்.

மின்கட்டணத்தையும் இப்போதே கணக்குப் போட்டுவிடுங்கள். 500 வாட் சில்லர் கோடையில் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் நாளுக்கு 6 யூனிட். விளக்குகளும் பம்புகளும் சேர்ந்து இன்னொரு 6. இரண்டு மாதக் கணக்கில் தொட்டி மட்டுமே 700 யூனிட்டுக்கு மேல் போகும்; 500-ஐத் தாண்டியவுடன் நம் கட்டண அடுக்கே மாறிவிடுவதால், தொட்டி இல்லாத நாளில் நீங்கள் கட்டிய விகிதத்தை வைத்துப் பெருக்கிப் பார்க்க வேண்டாம்.

மின்வெட்டைப் பற்றி நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. குளிர்ந்த நாட்கள்தானே, வெப்பம் பிரச்சினையில்லை என்று அசட்டையாக இருந்துவிட்டேன். முதல் இரவிலேயே மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின; விடிவதற்குள் பெரியவை எல்லாம் போய்விட்டன, ஒரு சின்ன டாம்செல் மீன் மட்டும் பிழைத்தது. உப்புநீரில் 27 டிகிரியில் லிட்டருக்கு சுமார் ஆறரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும், நன்னீரைவிட அது குறைவு. நீரோட்டம் நின்றால் மீனும் பவளமும் பாறையிலுள்ள பாக்டீரியாக்களும் சேர்ந்து அதைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். இப்போது 150 ஏ.எச். பேட்டரி ஒன்றுள்ள இன்வெர்ட்டரைத் தொட்டிக்கென்றே தனியாக வைத்திருக்கிறேன். அதில் சில்லரையும் விளக்கையும் இணைக்கவில்லை. தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் ஒன்றும் சிறு டி.சி. பம்பும் சேர்ந்து 60 வாட்தான் இழுப்பதால் பதினைந்து மணி நேரம் ஓடும்.

இன்னொன்று. தொட்டிக்கு அடியில் வைக்கும் வடிகட்டித் தொட்டியையும் சம்ப் என்றுதான் சொல்வோம், வீட்டுக்குக் கீழே மெட்ரோ தண்ணீர் நிற்கும் சம்ப்போடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பம்பு நின்றவுடன் மேலே இருக்கும் நீர், சம்ப்பிலிருந்து தொட்டிக்கு நீர் ஏற்றும் திரும்புகுழாய் வழியாக அந்த சம்ப்புக்கு இறங்கும். உங்கள் அளவுத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரம் என்றால் 11 லிட்டர். குழாயின் வாய் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 55 லிட்டர் கீழே வரும், அதற்கு சம்ப்பில் இடம் வேண்டும். இறக்கத்தை நிறுத்துவதற்கென்று நீர்மட்டத்தையொட்டிக் குழாயில் ஒரு சிறு துளை போட்டிருந்தேன். அந்தத் துளைக்குள் ஒரு நத்தை போய் உட்கார்ந்துகொண்டதால் என் கூடம் நனைந்தது, கீழ்வீட்டுக்காரரின் மேற்கூரையும் நனைந்தது. துளையை நம்பாமல், அது அடைபட்டாலும் சம்ப் நிரம்பி வழியாதபடி அளவு வையுங்கள்.

பதில் 2: கம்பியும் கான்கிரீட்டும்

நான் கட்டுமானப் பொறியாளர். மீன் வளர்ப்பில் என் அனுபவம் ஒரு சின்ன கிண்ணத்தோடு முடிந்துவிட்டது, ஆகவே எடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் தொட்டியின் கொள்ளளவு 680 லிட்டர். உப்புநீர் என்பதால் நீர் மட்டுமே 700 கிலோ வரும். 15 மில்லிமீட்டர் கண்ணாடி 150 கிலோ. பாறை, மணல், தாங்கு மேடை, நிரம்பிய சம்ப் எல்லாம் சேர்ந்தால் 1,200 கிலோவுக்குக் குறையாது. இத்தனையும் நிற்கும் பரப்பு 1.1 சதுர மீட்டர். வீட்டு அறைகளுக்கு ஐ.எஸ். 875 தரக்குறியீடு எடுத்துக்கொள்ளச் சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ. நீங்கள் வைக்கப்போவது அந்த இடத்தில் அதைப்போல ஐந்து மடங்கு. இதைக் கேட்டவுடன் தளம் இடிந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை, ஏனென்றால் அந்த 200 கிலோ அறை முழுவதற்கும் சேர்த்து எடுத்த கணக்கு. ஆனால் கூடத்தின் நடுவே, தளம் அதிகமாக வளையும் இடத்தில், ஆண்டுக்கணக்கில் நிற்கும் சுமையாக அதை வைப்பது நான் ஒப்புக்கொள்ளாத யோசனை. தளம் சிறிது தொய்ந்தாலும் தொட்டியின் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும்; கான்கிரீட்டுக்கு முன்னால் கண்ணாடியின் சிலிக்கான் இணைப்புதான் விடும்.

கட்டுநரிடமிருந்து கட்டமைப்பு வரைபடத்தைக் கேட்டு வாங்கி, கீழே பீம் ஓடும் சுவரைக் கண்டுபிடியுங்கள். தொட்டியின் நீளவாட்டம் பீமின் மேலேயே, சுவரை ஒட்டி, இருக்கட்டும். இரண்டு பக்கமும் பார்க்கும் ஆசையை ஒரு பக்கமும் ஒரு நுனியும் என்று குறைத்துக்கொள்ளலாம். பால்கனி வேண்டவே வேண்டாம், அது ஒரு பக்கம் மட்டும் பிடிமானமுள்ள தளம். வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஒரு பொறியாளரை நேரில் அழைத்துக் காட்டுங்கள். இணையத்தில் நான் எழுதியதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரும்புத் தாங்கு மேடை என்றால் எபாக்சி பூச்சு அவசியம். தொட்டிக்கும் மேடைக்கும் இடையே ஒரு தெர்மோகோல் தகடு வைத்தால் சிறு மேடுபள்ளங்களை அது ஏற்றுக்கொள்ளும்.

பதில் 3: மண்டபத்துக்காரன்

பவளம் வேண்டும் என்று சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். கல்பவளங்கள் அனைத்தும், கடல்விசிறிகளும்கூட, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டுவிட்டன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. நம் கடலிலிருந்து உடைத்து எடுத்தாலும், எடுத்ததை வாங்கினாலும், வைத்திருந்தாலும் குற்றம். “உயிர்ப்பாறை” என்ற பெயரில் விற்கப்படுவதும் பெரும்பாலும் பவளத்தின் எலும்புக்கூடுதான். கடல்குதிரையும் கடல்அட்டையும் இதே சட்டத்துக்குள் வருபவை. கடைக்காரர் எத்தனை சமாதானம் சொன்னாலும் ரசீதும் ஆவணமும் இல்லாத எதையும் தொடாதீர்கள்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு காலத்தில் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பினார்கள். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று நீருக்கடியில் கிடப்பதற்கு அந்த வெட்டும் ஒரு காரணம். பீங்கான் பாறை, சிமெண்டில் வார்த்த பாறை என்று இப்போது செயற்கையாகவே நன்றாகக் கிடைக்கின்றன. ஆறு மாதத்தில் ஊதாநிறப் பாசி படர்ந்த பின் வித்தியாசம் தெரியாது. அந்த அட்டவணையில் இல்லாத மென்பவளங்கள், காளான் பவளங்கள், பாறையில் கூட்டமாகப் பூப்போல ஒட்டி வளரும் சோவாந்திட்கள் ஆகியவற்றை, வளர்ப்பவர்களிடமிருந்து வெட்டுத் துண்டாக, ஆவணத்தோடு வாங்கித் தொடங்குங்கள். கோமாளி மீனையும் கடலில் பிடிக்க வேண்டியதில்லை: எங்கள் மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையமும் அதைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கின்றன. தொட்டியில் பிறந்த மீன் உலர்தீவனத்தைத் தயங்காமல் தின்னும்.

கடலோரன் (கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. நடுக்கூடத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டேன், வரைபடம் கேட்டிருக்கிறேன். சில்லர் இல்லாமல் தொடங்கமாட்டேன். கடல்நீரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? வீட்டில் சமையலறை ஆர்.ஓ. இருக்கிறது, அந்த நீரில் உப்பைக் கலக்கலாமா?

பதில் 4: பழைய உப்புக்காரர்

கடல்நீரை நம் கரையோரத்திலிருந்து எடுக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் அடையாறும் கூவமும் கொண்டுவந்து சேர்ப்பது என்னவென்று உங்களுக்கே தெரியும். அந்த மாதங்களில் கரையோர நீரின் உப்பும் இறங்கிவிடும். மழையில்லாத காலத்திலும் உத்தரவாதமில்லை. 2019 ஆகஸ்டில் உங்கள் திருவான்மியூர்க் கரையில் இரவில் அலை நீலமாக ஒளிர்ந்ததை எல்லாரும் படம் எடுத்தோமே, அது நொக்டிலூக்கா என்னும் நுண்ணுயிர் பெருகியதால் வந்தது. அந்த நீரைக் குடத்தில் மொண்டு வந்து தொட்டியில் ஊற்றினால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

சமையலறை ஆர்.ஓ.வும் சரிப்படாது. குடிப்பதற்குச் சுவை வேண்டுமென்று அதில் கனிமத்தைத் திரும்பச் சேர்க்கிறார்கள் அல்லது கொஞ்சம் மூலநீரைக் கலக்கிறார்கள். வெளிவரும் நீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்துள்ள உப்புகளின் அளவு, 50-க்கும் 100-க்கும் இடையே நிற்கும். நமக்குத் தேவை பூஜ்யம். ஆர்.ஓ.வுக்குப் பிறகு மிச்சமுள்ள உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழல் ஒன்றை இணைத்துத் தனியாக நீர் பிடியுங்கள். போர்வெல் நீரோ லாரித் தண்ணீரோ வரும் வீட்டில் ரெசின் சீக்கிரம் தீரும். தீரும்போது மாறும் அதன் நிறத்தை நம்பாமல் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பாருங்கள். குழாய் இணைப்புகளில் எங்கேயும் பித்தளை இருக்கக் கூடாது, மிகச் சிறிதளவு செம்பும் பவளத்தையும் இறாலையும் கொல்லும்.

லிட்டருக்கு 38 கிராம் உப்பு என்று கொண்டால் முதல் நிரப்புக்கு 26, 27 கிலோ ஆகும். ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு என்ற அளவை, உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள், அதற்கு முன் அந்தக் கருவியையும் 35 பங்கு அளவுக்கென்று விற்கும் சோதனைத் திரவத்தில் சரிபாருங்கள். ஆவியாவது நீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே குறைந்ததை ஈடுசெய்ய உப்பில்லாத தூயநீரைத்தான் ஊற்ற வேண்டும். நன்னீர்த் தொட்டியிலிருந்து வருபவர்கள் முதல் மாதத்தில் செய்யும் தவறு இதில்தான்.

பாறையும் நீரும் வைத்த பின், கழிவை மாற்றும் பாக்டீரியாக்கள் வளர அம்மோனியம் குளோரைடு சேர்த்துக் காத்திருங்கள். அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாகும் சுழற்சி நான்கு முதல் ஆறு வாரத்தில் நிலைபெறும். நீங்கள் இதை நன்னீரில் செய்தவர்தான், இங்கே சற்று மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். பிறகு பாசி படர்ந்து எல்லாமே பழுப்பாகும், அப்புறம் பச்சையாகும். அந்த இரண்டு மாதத்தில் விளக்கைக் குறைத்து, நத்தைகளைவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். முதலில் வரும் ஜோடிக் கோமாளி மீன்களையும் தனித்தொட்டியில் ஒரு மாதம் வைத்துப் பார்த்த பிறகே உள்ளே விடுங்கள். வெண்புள்ளி நோய் ஒருமுறை உள்ளே வந்தால் எல்லா மீன்களையும் வெளியே எடுத்துத் தொட்டியை 76 நாள் மீனில்லாமல் வைக்க வேண்டியிருக்கும். பாறைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் மீனைப் பிடிப்பதற்கு எல்லாவற்றையும் பிரித்துப் போட வேண்டும்.

மகளிடம் மட்டும் கடல்சாமந்திக்கு ஓர் ஆண்டு பொறுக்கச் சொல்லுங்கள். அது நடக்கும் பிராணி. இடம் பிடிக்கவில்லையென்றால் ஊர்ந்துபோய் வேவ்மேக்கரில் அரைபட்டுத் தொட்டி முழுவதையும் நாசமாக்கும். கோமாளி மீனுக்கு அது இல்லாமலும் வாழத் தெரியும். என் வீட்டு ஜோடி எட்டு ஆண்டுகளாகக் குழாய் வாயோரத்தில் முட்டையிட்டு, கையை உள்ளே விட்டால் கடிக்கிறது.

பதில் 5: கம்பியும் கான்கிரீட்டும்

வரைபடம் வந்ததும் தொட்டி வைக்கும் இடத்தைக் குறித்து இங்கே போடுங்கள், பார்க்கிறேன். பக்கத்தில் கழிவுநீர்க் குழாய் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 70 லிட்டர் உப்புநீரை வாளியில் சுமந்து கொட்டப்போவது நீங்கள்தான்.

பதில் 6: மண்டபத்துக்காரன்

ஒன்றை விட்டுவிட்டேன். சோவாந்திட் ஒட்டியிருக்கும் பாறையை ஒருபோதும் வெந்நீரில் போட்டுக் கொதிக்கவிடாதீர்கள். அவற்றில் சில இனங்களில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. அந்த ஆவியை மூச்சில் இழுத்து வெளிநாடுகளில் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள், வீட்டில் குழந்தை இருப்பதால் சொல்கிறேன்.