புதுப்பிப்பு: காலில் ரத்தக்கட்டி, தூக்கத்தில் மூச்சுத்தடை

நீண்ட பயணமோ அறுவை சிகிச்சையோ இல்லாமலே போன மாதம் இடது கெண்டைக்காலில் ரத்தம் உறைந்துவிட்டது, என் குறட்டைக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? தூக்கப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. மணிக்கு 34 முறை மூச்சு தடைபடுகிறதாம். 30-ஐத் தொட்டாலே தீவிர வகை.

டாக்டர் சொன்னது இதுதான்: மூச்சு தடைபடும்போதெல்லாம் ஆக்சிஜன் இறங்கி ஏறுவதால் ரத்தக் குழாயின் உட்சுவர் பாதிக்கப்படுகிறது, தட்டணுக்கள் சீக்கிரம் ஒட்டிக்கொள்கின்றன, ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் என்ற புரதமும் கூடி ரத்தம் எளிதில் உறையும் நிலைக்குப் போகிறது. ஆனால் என் விஷயத்தில் இதுதான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. கூடுதல் உடல் எடை இரண்டுக்குமே வழிவிடும், என் எடையோ... சரி, அதை விடுங்கள்.

இப்போது ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, இரவில் சிபாப் (முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் கருவி). சிபாப் போட்டால் மாத்திரையை நிறுத்தலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடவே கூடாது, அது மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும், அவ்வளவுதான், இருக்கிற கட்டியை ஒன்றும் செய்யாது. முகமூடி முதல் மூன்று இரவு பெரும் தொல்லை, அப்புறம் பழகிவிட்டது. திடீரென நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, இருமலில் ரத்தம் என்று எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கு ஓடச் சொல்லியிருக்கிறார். அடுத்த ஸ்கேன் மூன்று மாதம் கழித்து.